லாரிக்கு ஞாயிறு வரை கெடு

கம்பெனி பஸ்ஸிலிருந்து அகிலா இறங்கும்போதே கமலவேணியின் பார்வை அவள் கையிலிருந்த துணிப்பையின் மேல் விழுந்துவிட்டது. பை அசைந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கால் வெளியே நீண்டு, காற்றை உதைத்து, மறுபடி உள்ளே போனது.

"இன்னாம்மா அது?"

மறைத்துப் பிரயோசனமில்லை. அகிலா வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் பஸ்ஸுக்கு முன்னால் போன கோழி லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மேல் கூண்டு ஒன்று திறந்துகொண்டது. வெள்ளையாக என்னவோ ரோட்டில் விழுந்து உருண்டது. பஸ் டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் முன் சீட்டுக் கம்பியில் அகிலாவின் நெற்றி மோதியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கதவைத் திறக்கச் சொல்லி இறங்கினாள். முன் டயருக்கும் கோழிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அள்ளிக்கொண்டு ஏறிவிட்டாள். லாரி நிற்கவே இல்லை. அங்கிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் கோழி அவள் மடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வந்தது. அதன் நெஞ்சு மட்டும் அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கமலவேணி பையைப் பிரித்துப் பார்த்தாள். பண்ணைக் கோழி. வயசாகி முட்டை குறைந்ததும் கறிக்கடைக்கு ஏற்றி அனுப்பப்பட்ட ரகம். அலகு நுனி வெட்டப்பட்டிருந்தது. கழுத்தில் பாதி இறகு இல்லை.

"இதால கொத்தக்கூட முடியாதேம்மா. எங்க விடப் போற?"

பின்கட்டில் விடலாமா என்று அகிலா கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க நாலு இடத்தில் யோசித்தார்கள். யோசிக்காமல் சாவியைக் கொடுத்தது கமலவேணி ஒருத்திதான். பின்கட்டு அறையும் அதை ஒட்டிய கழிப்பறையும்தான் அகிலாவுக்கு. மற்றபடி பின்கட்டு முழுக்கக் கமலவேணியின் ஏழு நாட்டுக்கோழிகளுக்குச் சொந்தம்.

கமலவேணிக்கும் ஒரு நியாயம் இருந்தது. போன வருஷம் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு கோழியைக் கொண்டுவந்து விட்டதில் ஏழும் ஒரு மாசம் முட்டையை நிறுத்திவிட்டன. இப்போது மூத்த மகள் காயத்ரி ஆறு மாசம். வாராவாரம் அவளுக்கு முட்டை போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்குத் திங்கக்கெழம. ஞாயித்துக்கெழம காயத்ரியும் மாப்பிள்ளையும் வராங்கோ. அதுக்குள்ள என் கோழிங்களோட ஒத்துப் போச்சின்னா இருக்கட்டும். ரகளையாச்சின்னா அன்னிக்கிக் குழம்பு அது தான். அப்புறம் என்னாண்ட மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத."

அகிலா தலையாட்டினாள். டயருக்கு அடியிலிருந்து எடுத்ததைக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றுவதா? ஆனால் இடம் அவளுடையது அல்ல.

அன்று ராத்திரி கோழி அவள் அறையில் அட்டைப்பெட்டிக்குள் தூங்கியது. யாரும் பெயர் வைக்கவில்லை. கமலவேணியின் கணவர் பஞ்சாட்சரம் மட்டும், "லாரி சாப்ட்டுச்சா?" என்று விசாரித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால். கமலவேணி நொய்யை இறைத்தாள். ஏழு கோழிகளும் கூடின. அகிலா லாரியைத் தரையில் இறக்கிவிட்டாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதலில் நிமிர்ந்தது மேஸ்திரி. சேவல் இல்லாத அந்த வீட்டில் சேவல் வேலையையும் சேர்த்துப் பார்த்தது அதுதான். செம்பட்டை நிறம், கனத்த உடம்பு. அது நடந்தால் மற்ற ஆறும் ஒதுங்கி வழி விடும். நொய்யில் முதல் கொத்து அதற்குத்தான். கமலவேணியின் செல்லம். மேஸ்திரி கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்து லாரியின் உச்சந்தலையில் ஒன்று போட்டது. லாரி திருப்பிக் கொத்தவில்லை. ஓடவும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கூண்டில் நின்ற கால்கள். நாலடி போய் விழுந்தது. உடனே மற்ற ஆறும் வந்து மேலே ஏறின.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அகிலா கழுத்தில் அடையாள அட்டை ஆட, கூட்டத்துக்குள் கையை விட்டு லாரியைப் பிடுங்கினாள். சுவரோரம் கிடந்த பஞ்சாரத்தை எடுத்து அதன் மேல் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு ஓடினாள்.

அன்றைக்குக் கம்பெனியில் சோதனை லைனில் அவள் கண்ணில் பட்ட சர்க்யூட் போர்டெல்லாம் கோழியாகவே தெரிந்தது.

செவ்வாய் முழுக்க லாரி மூங்கில் பஞ்சாரத்துக்குள். புதன் காலையும் அப்படியே. வெளியே ஏழும் சுற்றிச் சுற்றி வந்து மூங்கில் சந்துகளில் அலகை விட்டுப் பார்த்தன.

பஞ்சாட்சரம் இதையெல்லாம் சாயப்பட்டறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை என்றால் பின்கட்டின் இன்னொரு மூலையில் போட்ட தகரக் கொட்டகை. இரண்டு செப்பு அண்டா, ஒரு விறகடுப்பு. தெருவில் தறி போட்டிருக்கும் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றித் தருவது அவர் தொழில். எதைப் பார்த்தாலும் நிறத்தை முதலில் பார்க்கிற ஆள். சண்டைக்குக் காரணம் என்ன என்று இரண்டு நாள் யோசித்து, புதன்கிழமை மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தார்.

அந்த முடிவு அகிலாவுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆறரை மணிக்கு அவள் பின்கட்டுக்கு வந்தாள். பஞ்சாரம் மல்லாந்து கிடந்தது. உள்ளே கோழி இல்லை. அதிலிருந்து சாக்கடை வரைக்கும் தரையில் சிவப்பாகக் கோடு. துவைக்கிற கல்லின் மேல் சிவப்பு. ஈரமான சிவப்பு இறகு இரண்டு கல்லோடு ஒட்டிக் கிடந்தன. கொட்டகை வாசலில் பஞ்சாட்சரம் முழங்கை வரைக்கும் சிவந்த கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அகிலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றுதானே சொன்னார்கள். இன்னும் நாலு நாள் இருக்கிறதே.

"அண்ணே, கெடு இன்னும் முடியலையேண்ணே."

பஞ்சாட்சரம் திரும்பினார். முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை. தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு கோழித் தலை நீண்டது. அரக்கு நிறத்தில்.

தலை, கழுத்து, இறக்கை, வால் எல்லாம் அரக்கு. கண் மட்டும் பழைய லாரியின் கண். திருதிருவென்று விழித்தது.

அவர் சொன்ன விளக்கம் இது. ஏழு கோழியும் செம்பட்டையும் கறுப்பும். இது ஒன்றுதான் வெள்ளை. அதனால்தான் அயலாள் என்று தெரிகிறது. நிறத்தை மாற்றிவிட்டால் நம்ம வீட்டுக் கோழி என்று நினைத்துக்கொள்ளும். பட்டுக்குப் பிடிக்கிற சாயம் இறகுக்கும் பிடிக்கும், இரண்டும் உயிருள்ளதிலிருந்து வருகிற சரக்குத்தானே. கல்யாணச் சேலைக்கு ஏற்றிய அரக்கு மிச்சம் இருந்தது. நன்றாக ஆறவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் படாமல், இரண்டு முறை முக்கி எடுத்திருக்கிறார்.

"எப்டி ஏறியிருக்குது பாரு. ஒரு இடம் திட்டு இல்ல."

அகிலா அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. உயிரோடு இருக்கிறது. அது போதும். உட்கார்ந்த இடத்தில் பாவாடை சிவந்துபோனதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

அந்த நிம்மதி பன்னிரண்டு மணி நேரம் நீடித்தது.

வியாழன் காலை. பஞ்சாட்சரமே லாரியைக் கையிலேந்திக் கொண்டுவந்து நொய்க்கு நடுவில் விட்டார். மேஸ்திரி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. ஒரு கணம் அது ஏமாந்துவிட்டதாகவே மூவரும் நினைத்தார்கள்.

பிறகு ஏழும் சேர்ந்து பாய்ந்தன. செவ்வாய்க்கிழமை பார்த்தது விளையாட்டு என்று சொல்லும்படி பாய்ந்தன. கழுத்தில், முதுகில், வால் அடியில் என்று சிவப்பு தெரிந்த இடமெல்லாம் கொத்தின. கொத்திய இடத்தில் நிஜ ரத்தம் வந்தது. எது சாயம், எது ரத்தம் என்று மனுஷனுக்கே தெரியாதபோது கோழிகளுக்கு என்ன தெரியும்? பஞ்சாட்சரம் துண்டை வீசினார். கமலவேணி துடைப்பத்தால் விரட்டினாள். அகிலா குனிந்து லாரியைத் தன் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டாள். அவள் புறங்கையிலும் நாலு கொத்து விழுந்தது.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. அகிலா போகவில்லை. ஒரு நாள் லீவு என்று சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, லாரியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். பஞ்சாட்சரமும் கேட்காமலே ஏறி உட்கார்ந்தார்.

கால்நடை மருந்தகத்தில் ஒரு பெண் டாக்டர். பையைத் திறந்ததும் ஒரு அடி பின்வாங்கினார். விஷயத்தைக் கேட்டு, பஞ்சாட்சரத்தை மேலும் கீழும் பார்த்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் திட்டினார். கோழிக்குச் சிவப்பு தெரிந்தால் புண் என்று அர்த்தம், புண்ணைக் கண்டால் கொத்தாமல் இருக்காது, உலகத்தில் எத்தனையோ நிறம் இருக்க இதையா போய் ஏற்றினீர்கள் என்று கேட்டார். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடுமா என்று டாக்டர் கேட்டபோது பஞ்சாட்சரம் மெல்லச் சொன்னார்.

"போவாது மேடம். போவாதுன்னு சொல்லித் தான் நான் தொழிலே பண்றேன்."

காயம் ஆழமில்லை. டாக்டர் ஊதா மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். காயத்தில் போடச் சொன்னார். சிவப்பு எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் மேலாகத் தொட்டுவிட்டாலும் நல்லதுதான், நிறம் மங்கும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். முதலில் கொத்துவது யார், எல்லாமேவா, யாராவது ஒன்றா?

அகிலாவின் வேலையே லைனில் தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது. அவள் யோசிக்காமல் சொன்னாள். ஒன்றுதான். அது கொத்தும் வரை மற்றவை சும்மா நிற்கின்றன.

"அப்ப நீங்க ஆளை மாத்திக் கூடையில போட்டிருக்கீங்க. அடி வாங்கறதை உள்ள வெச்சா, அது எப்ப வெளிய வந்தாலும் புதுசு தான். அடிக்கிறதைப் பிடிச்சி மூணு நாள் உள்ள போடுங்க. மத்தது இதோட பழகிடும். மூணு நாள் கழிச்சி அது வெளிய வர்றப்ப, அது தான் புதுசு."

வெளியே வந்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே பயம். மேஸ்திரியைச் சிறையில் போட வேண்டும் என்று கமலவேணியிடம் யார் சொல்வது?

சாயங்காலம் அகிலாதான் ஆரம்பித்தாள். பாதியிலேயே கமலவேணி கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள். அஞ்சு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறது, நேற்று லாரியிலிருந்து விழுந்ததுக்காக அதைப் பிடித்து உள்ளே தள்ளுவார்களா, அது சோறு தண்ணி எடுக்காமல் ஏங்கிப் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நாலு நாளாகப் பின்கட்டு பின்கட்டாகவா இருக்கிறது? காலையில் முட்டை நாலுதான். ஞாயிறு வரைக்கும்கூட எதற்கு, நாளைக்கே முடித்துவிடலாம் என்றாள்.

அகிலா பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் நெஞ்சு அடித்துக்கொள்வது துணி வழியாகவே தெரிந்தது.

பஞ்சாட்சரம் எழுந்து வந்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் கோழி விஷயத்தில் அவர் வாய் திறந்ததில்லை.

"வேணி, அது வெள்ளையா இருந்த வரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் வரல. சாயம் ஏத்துனது நானு. நான் பண்ண தப்புக்கு அது குழம்பாவக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆச்சின்னா, அன்னிக்கி நான் எலையில உக்கார மாட்டேன். மாப்பிள்ள வந்தாலும் சரி."

பக்கத்து வீட்டுத் தறி நாலைந்து தடவை அடித்து ஓய்ந்தது.

"பஞ்சாரத்த எடுத்துக்கினு வாங்க," என்றாள் கமலவேணி.

மேஸ்திரியை அவளே பிடித்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. உள்ளே பழைய கோணிப்பையை மடித்துப் போட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் இன்னொன்றில் நொய்யோடு பொட்டுக்கடலையும் வைத்தாள். மூணே நாள்தான் என்று அதனிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கவிழ்த்தாள். பஞ்சாரத்தைக் கொட்டகைக்குப் பின்னால், மற்ற கோழிகளின் கண்ணில் படாத இடத்தில் வைத்தார்கள்.

பஞ்சாட்சரம் லாரிக்கு ஊதா மருந்து போட உட்கார்ந்தார். காயத்தில் வைத்த பிறகு, பஞ்சை நனைத்து நனைத்து இறகு இறகாக ஒற்றினார். ஒரு இடம் அதிகமாகிவிட்டால் துணியால் துடைத்துச் சரி பண்ணினார். முடிந்தபோது லாரி ஒரு மாதிரி நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது. பொழுது சாய்ந்து ஆறு கோழிகளும் கூட்டுக்குள் கம்பில் ஏறி உட்கார்ந்ததும், அகிலா அதைக் கொண்டுபோய்க் கம்பின் ஓரத்தில் உட்கார வைத்தாள். பக்கத்தில் இருந்த கோழி கழுத்தை ஒருமுறை திருப்பியது. தூக்கக் கலக்கத்தில் அதற்கு விசாரிக்கிற உற்சாகமில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கமலவேணி நொய்யை ஒரே இடத்தில் போடாமல் மூன்று இடத்தில் பிரித்துப் போட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே செய்தாள். அந்த ஆறில் ஒன்றான கறுப்பி இரண்டு தடவை லாரியைத் துரத்தியது. அப்புறம் சலித்துப்போய் விட்டுவிட்டது. லாரி மூன்றாவது குவியலில் தனியாகக் கொத்தியது. வெட்டிய அலகால் மூன்று கொத்துக்கு ஒரு அரிசிதான் வாயில் ஏறியது. ஆனாலும் விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கமலவேணி அகிலாவுக்குப் போன் செய்தாள். லைனில் இருந்த அகிலா அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் கையிலிருந்த போர்டைக் கீழே வைத்தாள். கமலவேணி ஒரே ஒரு செய்தி சொன்னாள். லாரி முதல் முறையாக மண்ணைக் கீறிப் புரண்டு குளித்திருக்கிறது. மற்றவை குளிக்கிற அதே குழியில், கறுப்பிக்குப் பக்கத்தில். சொல்லிவிட்டு, நாளைக்கி மேஸ்திரி வெளிய வரும், அதுல தான் இருக்குது, என்று போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. காயத்ரியும் மாப்பிள்ளையும் பதினோரு மணிக்கு வந்துவிடுவார்கள். அடுப்பில் இன்னும் எதுவும் ஏறவில்லை. அம்மிக்குப் பக்கத்தில் மசாலா சாமான் மட்டும் தயாராக இருந்தது.

நொய் மூன்று குவியலாகக் கிடந்தது. ஏழு கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. ஆறு பழையது, ஒன்று நாவற்பழம். பஞ்சாட்சரம் கையில் துண்டோடு நின்றார். அகிலா உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கமலவேணி பஞ்சாரத்தைத் தூக்கினாள்.

மேஸ்திரி வெளியே வந்து இரண்டு இறக்கையையும் விரித்து உதறியது. மூன்று நாள் உட்கார்ந்து தின்றதில் இன்னும் பெருத்திருந்தது. நேராக முதல் குவியலுக்கு நடந்தது. வழக்கம்போல் எல்லாம் ஒதுங்கும் என்று நினைத்த நடை.

கறுப்பி ஒதுங்கவில்லை.

மேஸ்திரி நின்றுவிட்டது. இப்படி ஒன்றை அது எதிர்பார்க்கவில்லை. மூன்று நாளாக முதல் கொத்து கறுப்பியுடையது. இரண்டும் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் நின்றன. ஒரே சமயத்தில் எகிறின. இறகு பறந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கறுப்பி வாலைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கியது. கமலவேணி மூச்சை விட்டாள்.

ஆனால் சண்டையின் சூடு இன்னும் மேஸ்திரியின் உடம்பில் இருந்தது. தலையைத் திருப்பியது. மூன்றாவது குவியலில் லாரி.

நடந்து போனது. ஓடவில்லை. பஞ்சாட்சரம் துண்டை உயர்த்தினார். வேண்டாம் என்று கமலவேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்று கழுத்தை நீட்டியது. லாரி ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, ஒரே ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தது. மூன்று நாளாக மற்ற ஆறும் ஒன்றுக்கொன்று செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எட்டு. மேஸ்திரி அதன் முதுகில் ஒரு கொத்து வைத்தது. ஒன்றே ஒன்று. பிறகு லாரியின் குவியலில் நாலு அரிசியைப் பொறுக்கிவிட்டு, அதில் சுவாரசியம் இல்லாமல் முதல் குவியலுக்குத் திரும்பிப் போனது.

லாரி விட்ட இடத்திலிருந்து கொத்த ஆரம்பித்தது.

மூன்று பேரும் இன்னும் அசையாமல் நின்றார்கள். அஞ்சு நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததை மூன்று பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கொத்துச்சே," என்றாள் அகிலா. கேட்டே ஆக வேண்டும்.

"ஒண்ணு தானேம்மா. அது எல்லாரையும் தான் கொத்தும்." கமலவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னையே கொத்தும்."

பிறகு கணவரிடம் திரும்பி, கடைக்குப் போய் முருங்கைக்காய் நாலும் தக்காளியும் வாங்கி வரச் சொன்னாள். கருவாடு இருக்கிறதாம். பஞ்சாட்சரம் செருப்பைக்கூடப் போடாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருக்கோடி வரைக்கும் போய், எத்தனை முருங்கைக்காய் என்று மறந்துபோய்த் திரும்பி வந்தார்.

அகிலா தன் அறைக்குள் போய்ப் பாயை விரித்தாள். கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றுதான் படுத்தாள். எழுப்பியபோது மணி ஒன்றரை. காயத்ரி அறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பின்கட்டில் செல்போனில் ஊதாக் கோழியைப் படம் பிடிக்கிறாராம், இது எந்த நாட்டு ஜாதி என்று அப்பாவைக் கேட்டால் அப்பா பதிலே சொல்ல மாட்டேன் என்கிறாராம், எலை போட்டாச்சு, வா, என்றாள்.

குழம்பு வாசனை அறைக்குள் வந்தது. அகிலாவுக்குப் பசித்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு உருப்படியாகப் பசித்தது. முகம் கழுவிக்கொண்டு பஞ்சாட்சரத்துக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தாள். அவர் மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தார்.